மிதிவண்டிக்காக ஊதியத்தைத் துறக்க வேண்டுமா?

மாதத்தின் முதல் வாரத்தில் எங்கள் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களுள் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "சைக்கிள் வாங்கக் கடன் கிடைக்குமா?" சித்தூரிலும் திருப்பதியிலும் தங்கும் விடுதிகள், துணிக்கடைகள், சிறு தொழிற்கூடங்கள் ஆகியவற்றில் பணிபுரிவோர் அவர்கள். காருக்கும் வீட்டுக்கும் கடன் தருவதாகப் பலகை வைத்திருக்கும் வங்கியாளராகிய நாங்கள், அவர்களிடம் தனிநபர் கடன் விண்ணப்பத்தை எடுத்து நீட்டுகிறோம். அது சரியான விடையன்று என்பதே எங்கள் கருத்து.

9,600 ரூபாய் விலையுள்ள மிதிவண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14 விழுக்காடு வட்டியில் பன்னிரண்டு தவணையாகக் கடன் பெற்றால், வட்டி மட்டும் ஏறத்தாழ 740 ரூபாய் ஆகும். பரிசீலனைக் கட்டணம் தனி. 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததால் கிடைத்த ஆதாயத்தை இந்த வட்டியே விழுங்கிவிடும்.

பிரிட்டனில் 1999 முதல் வேறொரு வழி நடைமுறையில் உள்ளது. ஊழியர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியைத் துறக்க இசைகிறார். முதலாளி மிதிவண்டியை வாங்கி அவருக்குப் பயன்படுத்தத் தருகிறார். துறந்த தொகைக்கு வருமான வரி இல்லாததால் ஊழியருக்கு இலாபம். அதனை இங்கும் கொண்டுவரலாமே என்று சில நிறுவனத்தார் எங்களிடம் வினவுகின்றனர்.

அவ்வழி இங்கே பயன்தராது. வருமான வரி விதிகளின்படி, முதலாளிக்குச் சொந்தமான இத்தகைய பொருளை ஊழியர் பயன்படுத்தினால், அதன் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரிக்குரிய சலுகையாகக் கொள்ளப்படும். பின்னர் அது ஊழியருக்கே உரிமையாக்கப்படும்போது எஞ்சிய மதிப்பும் கணக்கில் சேரும். ஆக, முழு விலையும் வரிக்குள் வந்துவிடுகிறது. மேலும், மிதிவண்டியில் பணிக்குச் செல்வோரில் பெரும்பாலோர் வருமான வரி செலுத்தும் நிலையிலேயே இல்லை. புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான ஆண்டு வருமானத்திற்கு வரி இல்லை. இல்லாத வரியை மிச்சப்படுத்த இயலாது. ஆனால் துறப்பின் பெயரால் அடிப்படை ஊதியம் குறைக்கப்பட்டால் வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் குறைய நேரிடும். அந்த இழப்பு முப்பது ஆண்டுகள் கழித்தே தெரியவரும்.

நம்மிடையே இதனினும் எளிய முறை ஒன்று இருந்தது. அதுவே மிதிவண்டி முன்பணம். மத்திய அரசு ஊழியர்களுக்கு வழங்கப்பட்டுவந்த அம்முன்பணம், ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி 2016இல் கைவிடப்பட்டது. அதனைத் தனியார் நிறுவனங்கள் தம்மளவில் மீண்டும் தொடங்க வேண்டும் என்பதே நாங்கள் முன்வைக்கும் கோரிக்கை. நிறுவனம் 9,600 ரூபாயை வட்டியின்றித் தந்து, மாதம் 800 ரூபாயாகப் பிடித்துக்கொள்ளலாம். முதலாளி தரும் கடன்கள் அனைத்தும் சேர்ந்து விதிகள் குறிக்கும் வரம்பைத் தாண்டாதவரை, வட்டிச் சலுகைக்கும் வரி இல்லை. இருபது ஊழியருக்கு ஒருசேர வாங்கினால் விற்பனையாளரிடம் விலை குறைத்துக் கேட்கவும் இயலும். பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் உள்ள இடங்களில் அச்சங்கமே இதனை ஏற்று நடத்தலாம்.

சித்தூரிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அத்தொலைவை நாள்தோறும் மிதித்துச் செல்லுமாறு நாங்கள் கூறவில்லை. திருச்சானூரிலிருந்து திருப்பதி நகருக்கு வருவோரை எண்ணிப் பாருங்கள். தொலைவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மாதம் 25 நாள் சென்று திரும்பினால் 250 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 5 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 110 ரூபாய் எனக் கொண்டால் மாதம் 550 ரூபாய் மிச்சம். தவணையின் பெரும்பகுதி இதிலேயே அடைந்துவிடும். ஓராண்டுக்குப் பின் அத்தொகை முழுவதும் குடும்பத்திற்கே.

நம் ஊர்க் கோடை வெயிலையும் நெடுஞ்சாலை நெரிசலையும் நாங்கள் மறக்கவில்லை. எனவே முன்பணத்தோடு நிழலுள்ள நிறுத்துமிடமும், முகம் கழுவ நீரும், வெயில் ஏறுமுன் தொடங்கும் பணிமுறையும் சேர்ந்தால்தான் திட்டம் நிலைக்கும்.

ஊழியர்களாகிய வாடிக்கையாளர்கள் கையொப்பமிடுமுன் மூன்றை எழுத்தில் கேட்டுப் பெறுக. முதலாவது, இது முன்பணப் பிடித்தமா, ஊதியக் குறைப்பா? இரண்டாவது, இடையில் வேலையை விட்டால் நிலுவை எவ்வாறு தீர்க்கப்படும்? மூன்றாவது, மிதிவண்டியின் ரசீது யார் பெயரில் இருக்கும்? ஏற்கெனவே உள்ள பிடித்தங்களையும் கூட்டிப் பாருங்கள். மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் பாதியைத் தாண்டலாகாது என்பது சட்டம்.

உங்கள் நிறுவனம் இதற்கு முன்வராவிடில், மாதம் 800 ரூபாய் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குங்கள். ஓராண்டு காத்திருக்க வேண்டும். எனினும் அப்போது வட்டி உங்களுக்கே வரும். கடன் விற்பது எங்கள் தொழிலே ஆயினும், மிதிவண்டிக்குக் கடன் வேண்டாம் என்று கூறுவதில் எங்களுக்குத் தயக்கமில்லை.