நல்ல தீவில் மாடு அறுப்பது யார்?

"கனவு நல்லதுதான், கொண்டுபோனவன் கெட்டவன்." கூட்டங்களில் தோழர்கள் இப்படித்தான் சொல்லி முடிக்கிறார்கள். நானும் தலையாட்டியவன்தான். 1516இல் தாமஸ் மூர் எழுதிய 'உட்டோப்பியா'வைப் படித்த பிறகு ஆட்ட முடியல.

அந்தத் தீவில் தனிச்சொத்து கிடையாது. ஆறு மணி நேரம்தான் வேலை. தங்கத்தில் மூத்திரச்சட்டி செய்கிறார்கள். அடிமையின் விலங்கும் தங்கம்தான். அடிமை எதுக்குன்னு கேட்டா, கறிக்கு. குடிமகன் ஆடு மாடு அறுக்கக் கூடாது, அறுத்தால் இரக்கம் செத்துப்போகுமாம். ஊருக்கு வெளியே, ஓடுதண்ணீர் ஓரமாய் அடிமைகள் அறுத்துக் கழுவித் தருவார்கள். இவன் தின்பான். மாடு அறுக்கிற வீட்டில் பிறந்தவன் நான். அந்தத் தண்ணீர் ஓரம் எனக்குத் தெரிஞ்ச இடம்.

அப்புறம் நிலம். தீவில் ஜனம் பெருத்தால் எதிர்க்கரையில் 'சும்மா கிடக்கிற' நிலத்தில் குடியேறுவார்கள். அங்கிருப்பவன் இவர்கள் சட்டத்துக்குள் வரணும். வரலைன்னா துரத்துவார்கள். எதிர்த்தால் போர், அதுவும் நியாயப் போர். எது தரிசுன்னு சொல்றது யார்? வந்தவன்.

மூர் கிண்டல்தான் செய்தார் என்பார்கள். வாஸ்கோ தெ கிரோகாவுக்கு அது கிண்டலாகப் படவில்லை. 1521இல் ஸ்பானியர்கள் அஸ்டெக்குகளின் தலைநகரை அழித்தார்கள். 1532இல் அதன் பக்கத்திலேயே, மூரின் புத்தகத்தை மாதிரியாக வைத்து, இந்த ஸ்பானிய நீதிபதி சாந்தா ஃபே என்ற ஊரை நிறுவினார். பூர்வகுடிகளுக்குப் பொதுநிலம், ஆறு மணி நேர வேலை, கூடவே ஞானஸ்நானம். அவர்களை அடிமையாக்குவதை எதிர்த்தவர், நல்ல மனுஷன்தான். ஆனால் அவர்கள் எப்படி வாழணும்னு லண்டன்காரன் புத்தகமல்லவா சொன்னது?

உங்க வரைபடத்தையும் கொண்டுவாங்க தோழர், பார்க்கலாம். அறுக்கிற இடத்தை எங்கே போட்டிருக்கீங்கன்னு முதல்ல காட்டுங்க.