சாலைக் கணக்கில் நம் பங்கு எங்கே?

திருச்சி மாவட்டத்தில் போக்குவரத்துக்குக் கோடி கோடியாகப் பணம் இறங்கிக்கொண்டிருக்கிறது. 1,112 கோடி ரூபாயில் கட்டிய விமான நிலையப் புதிய முனையத்தை 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் மோடி திறந்துவைத்தார். 400 கோடி ரூபாய்க்கும் மேல் செலவான பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையத்தை 2025 மே மாதம் முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். சத்திரம் பேருந்து நிலையத்தையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலத்துக்குப் பக்கத்திலேயே 106 கோடி ரூபாய் மதிப்பில் இன்னொரு பாலத்துக்கு வேலை தொடங்கியது. மெட்ரோ ரயிலுக்குச் சாத்தியக்கூறு அறிக்கையும் எழுதியாகிவிட்டது. மாவட்டம் வளர்வதில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒவ்வொரு திறப்பு விழாவின்போதும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விடியற்காலையில் தூக்குவாளியுடன் கூலி வேலைக்குக் கிளம்பும் காலனிப் பெண்ணுக்கும், பஸ் பிடித்துக் கல்லூரிக்கு ஓடும் அவள் மகளுக்கும் இந்தப் பணத்தில் எவ்வளவு போய்ச் சேர்கிறது?

சாலை என்பது நமக்கு வெறும் தாரும் ஜல்லியும் அல்ல. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாவற்றிலும் எல்லாச் சாதியாருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924ல் சென்னை மாகாணச் சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்றினார். தெருவில் நடப்பதற்கே சட்டம் போட வேண்டியிருந்த காலம் அது. அந்தத் தீர்மானத்துக்கு நூறு ஆண்டு கடந்துவிட்டது. இன்று நான்குவழிச் சாலையில் நடக்காதே என்று யாரும் பலகை வைப்பதில்லை. ஆனால் நடுவில் ஓடும் தடுப்புச் சுவரும், ஓரத்தில் இல்லாத அணுகுசாலையும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகின்றன.

நம் கிராமங்களின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஊர் ஓரிடத்தில், சேரி தள்ளி வேறிடத்தில். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் எல்லாம் பெரும்பாலும் ஊர்ப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஆறு மாதத்தில் ஒரு நெடுஞ்சாலை வந்துவிட்டால், நேற்றுவரை ஐந்து நிமிட நடையாக இருந்த இடம் இன்று அடுத்த சந்திப்புவரை போய்ச் சுற்றி வரும் தூரமாகிவிடும். கார் வைத்திருப்பவருக்கு அது இரண்டு நிமிடம். தலையில் சுமையோடு போகிறவருக்கு அரை மணி நேரம். அவசரத்தில் தடுப்பைத் தாண்டுகிறவர்கள்தாம் அடிபடுகிறார்கள். சுடுகாட்டுப் பாதை குறுக்கே அறுபட்டால், பாடையைத் தூக்கிக்கொண்டு வாகனங்களுக்கு நடுவே ஓட வேண்டியிருக்கிறது.

திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரையுள்ள சுமார் 14 கிலோமீட்டரை எடுத்துக்கொள்வோம். பெல் தொழிற்சாலை, என்.ஐ.டி., சிறுதொழில் பட்டறைகள், நூற்றுக்கணக்கான கடைகள் என்று நெருக்கமான பகுதி. நான்குவழிச் சாலை வந்து பத்தாண்டுக்கு மேலாகியும் இங்கே அணுகுசாலை இல்லை. மக்கள் போராடினார்கள், நீதிமன்றம் போனார்கள். நிலத்தை எடுத்துத் தர வேண்டியது மாநில வருவாய்த் துறை, பணம் தந்து சாலை போட வேண்டியது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். ஒரு கை இன்னொரு கையைக் காட்ட, கோப்பு நடுவில் நிற்கிறது. கடை இடிபடும் என்று வணிகர்கள் அஞ்சுகிறார்கள், அவர்கள் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. அணுகுசாலையா, உயர்மட்டச் சாலையா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அந்த ஆண்டுகள் முழுவதும் சைக்கிளிலும் கால்நடையாகவும் அந்தச் சாலையைக் கடந்தவர்கள் யார் என்பதுதான் எந்தக் கூட்டத்திலும் பேசப்படுவதில்லை.

துவாக்குடி அருகே தொடங்கி, பஞ்சப்பூர் வழியாக ஜீயபுரம் போகும் சுமார் 43 கிலோமீட்டர் அரைவட்டச் சாலைக்கும் ஒரு கதை உண்டு. பாசன ஏரிகளின் ஊடே சாலை போவதை விவசாயிகள் எதிர்த்தார்கள், வேலை பல ஆண்டுகள் நின்றது. அவர்கள் கேட்டது நியாயம். ஏரி போனால் நெல் போகும். நெல் போனால் நடவும் களையெடுப்பும் அறுப்பும் போகும். அந்த வேலைகளைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீட்டுக் காசோலை வருகிறது. அந்த வயலில் தலைமுறையாகக் கூலி செய்தவருக்கு என்ன வருகிறது?

சட்டம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலத்தின் சொந்தக்காரரை மட்டும் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லவில்லை. கையகப்படுத்துவதற்கு முன் மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை முதன்மைப் பிழைப்பாக நம்பியிருந்த விவசாயக் கூலி, குத்தகைதாரர் குடும்பங்களும் பாதிக்கப்பட்டவர்களே. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி எடுக்கும் நிலத்துக்கும் இந்தச் சட்டத்தின் இழப்பீடும் மறுவாழ்வும் பொருந்தும் என்று 2015 ஆகஸ்டில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. ஆனால் நில எடுப்புக் கணக்கு பட்டாவைப் பார்த்துத் தொடங்கி பட்டாவோடு முடிகிற வழக்கமே பரவலாக இருக்கிறது. கூலி பெற்றதற்கு யாரிடம் ரசீது இருக்கிறது? அதனால்தான் கணக்கெடுப்பு நடக்கும்போதே நம்மவர்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். சாலை போட்ட பிறகு கேட்பது, அறுப்பு முடிந்த வயலில் கதிர் பொறுக்குவது போலத்தான்.

ரயிலுக்கு வருவோம். சென்னை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர் என்று திருச்சியிலிருந்து ஐந்து திசைக்கு இருப்புப்பாதை போகிறது. லால்குடி, வாளாடி, திருவெறும்பூர், பூதலூர், ஜீயபுரம், பெட்டவாய்த்தலை என்று வழியெங்கும் சிறு நிலையங்கள். 2020ல் கொரோனாவால் நின்ற பாசஞ்சர் ரயில்கள் திரும்பி ஓடத் தொடங்கியபோது 'எக்ஸ்பிரஸ் சிறப்பு' என்ற பெயரோடு வந்தன. அதே ரயில், அதே நிறுத்தம். குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய். போகவர 60 ரூபாய் என்றால் கட்டட வேலைக்குப் போகிறவரின் கூலியில் அது எவ்வளவு பங்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரி கடைசியில், மக்களவைத் தேர்தல் வாசலில் நிற்கும்போது. ஏழையின் டிக்கெட் விலை யாருடைய மனதை வைத்து மாறுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மெட்ரோ கேட்பவர்களோடு நமக்குச் சண்டையில்லை. சமயபுரத்திலிருந்து வயலூருக்கு ஒன்று, துவாக்குடியிலிருந்து பஞ்சப்பூருக்கு ஒன்று என மொத்தம் சுமார் 45 கிலோமீட்டருக்குத் திட்டம் வரைந்தார்கள். ஆனால் 2025 நவம்பரில் கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களையே மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ கொள்கையைக் காட்டி, 2011 கணக்கெடுப்பில் 20 லட்சம் மக்கள் இல்லை என்றது. அந்தக் கணக்கெடுப்பில் திருச்சி மாநகரையும் சுற்றுப்பகுதியையும் சேர்த்தாலே சுமார் 10 லட்சம்தான். மெட்ரோ வரும்வரை காத்திருந்தால் இன்று கல்லூரி போகும் பிள்ளைக்குப் பேரன் பிறந்துவிடுவான். போட்டுக்கிடக்கும் பாதையில் காலையும் மாலையும் கூடுதல் பாசஞ்சர் ரயில்கள் விடுவதற்கு அத்தனை கோடி தேவையில்லை. ஐதராபாத்தில் 2003 முதல் ஓடும் எம்.எம்.டி.எஸ். உள்ளூர் ரயில், இருந்த பாதையிலேயே மாநில அரசும் ரயில்வேயும் செலவைப் பகிர்ந்து தொடங்கியதுதான். திருச்சிக்கு மட்டும் அது ஏன் முடியாது?

இதில் தொகுதி அரசியலும் இருக்கிறது. 2011 முதல் 2014 வரை ஸ்ரீரங்கம் முதல்வர் ஜெயலலிதாவின் தொகுதி. அந்த ஆண்டுகளில் நவலூர் குட்டப்பட்டில் சட்டப் பல்கலைக்கழகம் வந்தது, ஸ்ரீரங்கத்தில் யாத்ரிகர் விடுதி வந்தது, கொள்ளிடத்தில் புதிய பாலத்துக்கு வேலை நடந்து 2016ல் திறந்தார்கள். நல்லது. 1928ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தபோது, புதிய பாலம் இருந்ததால்தான் போக்குவரத்து தப்பியது. இப்போது மாவட்டத்தின் மறுமுனையைப் பாருங்கள். ஒன்பது சட்டமன்றத் தொகுதிகளில் துறையூர் ஒன்றே தனித் தொகுதி. அந்தத் துறையூரில் ரயில் இல்லை. பக்கத்திலுள்ள பெரம்பலூரும் தனித் தொகுதி. மாவட்டத் தலைநகராக இருந்தும் அந்த நகரிலும் ரயில் நிலையம் இல்லை. அரியலூர், பெரம்பலூர், துறையூர், நாமக்கல் வழியாகப் பாதை கேட்டு மக்கள் பல ஆண்டுகளாக மனு கொடுத்துவருகிறார்கள். தனித் தொகுதி என்பதால்தான் ரயில் வரவில்லை என்று நாம் சொல்லவில்லை. தனித் தொகுதிக்காகச் சட்டையைப் பிடித்துக் கேட்கும் குரல் எந்தக் கட்சியிலும் எழவில்லை என்றுதான் சொல்கிறோம்.

இனி, பலர் அறியாத ஒரு கணக்கு. மக்கள்தொகையில் நம் பங்குக்கு ஏற்ப அரசு நிதியை ஒதுக்க வேண்டும் என்பதற்காகத்தான் 1979ல் சிறப்புக் கூறு திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் நாம் ஐந்தில் ஒருவர். ஆனால் இந்தப் பணம் எல்லோருக்குமான பெரிய திட்டங்களுக்குள் கரைந்துபோவதும் நடந்திருக்கிறது. டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுக்காக 600 கோடி ரூபாய்க்கும் மேல் இந்த நிதியிலிருந்து எடுத்ததை 2010ல் நாடாளுமன்றத்திலேயே மத்திய அரசு ஒப்புக்கொண்டது. கர்நாடகத்தில் 2013ல் வந்த துணைத் திட்டச் சட்டத்தில் 7(டி) என்று ஒரு பிரிவு இருந்தது. பாலம், சாலை போன்ற பொதுப் பணிகளில் ஒரு பங்கை நம் மக்களுக்காகச் செலவழித்ததாகவே கருதிக்கொள்ளலாம் என்றது அந்தப் பிரிவு. பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2023ல்தான் அதை நீக்கினார்கள். தமிழ்நாட்டிலும் 2024ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் நிழலில் எந்தச் சாலைச் செலவாவது நம் பெயரில் எழுதப்பட்டால், அந்தச் சாலை நம் காலனி வாசலுக்கு வருகிறதா என்று கேட்பது நம் உரிமை.

சாலைக்குச் சாதி உண்டா என்று சிலர் சிரிக்கலாம். அமெரிக்காவில் செயின்ட் பால் நகரத்தின் ராண்டோ என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பை 1950, 60களில் நெடுஞ்சாலை இரண்டாகப் பிளந்து அழித்தது. நாடு முழுவதும் இப்படிச் சாலையால் துண்டான குடியிருப்புகளை மீண்டும் இணைக்க 2021ல் அந்த அரசு 100 கோடி டாலர் ஒதுக்கியது. வரைபடத்தில் கோடு இழுக்கும்போது குரல் குறைந்தவர் வீட்டின்மேல் இழுப்பது எளிது. அங்கே இனம், இங்கே சாதி.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. எந்த நெடுஞ்சாலைத் திட்டமானாலும் அணுகுசாலை, சுரங்கப்பாதை, பஸ் நிறுத்தம், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றை முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். பணம் போதவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுவது அவையாக இருக்கக் கூடாது. கூலித் தொழிலாளர் பெயர்களும் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் வர வேண்டும். பத்து ரூபாய் ரயில் காலையும் மாலையும் ஐந்து திசையிலும் ஓட வேண்டும். துறையூர்ப் பாதைக்கு மாநில அரசு தன் பங்கை அறிவித்து, ரயில்வேயை அதன் பங்கைக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊரைக் கடக்கும் சாலைக்குச் சுரங்கப்பாதையோ நிறுத்தமோ வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள், நிறைவேறிய தீர்மானத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். கல்லூரி மாணவர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போட உங்களுக்குப் பத்து ரூபாய் போதும். உங்கள் பகுதிச் சாலைத் திட்டத்தில் ஆதிதிராவிடர் நிதியிலிருந்து எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது, அது எந்தக் குடியிருப்பில் செலவானது என்ற இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். பதில் வந்தால் அதைக் காலனியில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டுங்கள். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். சட்டசபையில் ரெட்டைமலை சீனிவாசன் கேட்டது நடப்பதற்கான உரிமை. நாம் கேட்பது அந்த நடைபாதைக்கான செலவுக் கணக்கு.