தமிழ்ப் படத்துக்குத் தமிழ் வரி வேண்டும்

"தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே சப்டைட்டில் எதற்கு?" நன்கு படித்தவர்களும் கேட்கிற கேள்வி இது. திரையின் அடியில் ஓடும் எழுத்து மொழி தெரியாதவருக்கானது என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. காது கேளாதவர் என்ன செய்வார் என்று கேட்டால், "உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவாங்க" என்கிறார்கள்.

கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் 'அப்பா' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'அம்மா' என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ககரம் வாயின் பின்புறத்தில் பிறப்பது. வெளியே தெரியவே தெரியாது. சினிமாவிலோ நடிகர் முதுகைக் காட்டிப் பேசுகிறார், இருட்டில் பேசுகிறார், போனில் மறுமுனைக் குரல் மட்டும் வருகிறது. இதையெல்லாம் உதட்டில் படித்துவிடலாம் என்பவர் ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு முழுப் படத்தைப் பார்க்கட்டும்.

பேசாப்பட காலத்தில் இந்த அநீதி இல்லை. வசனம் எழுத்து அட்டையாகத் திரையில் வந்தது. கேட்பவரும் கேளாதவரும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். பேசும்படம் வந்ததும் அட்டை போயிற்று. எமர்சன் ரொமேரோ என்ற காது கேளாத நடிகர், அமெரிக்காவில் 1947இல் பேசும்படச் சுருள்களை வாங்கி, நடுநடுவே எழுத்து அட்டைகளை வெட்டி ஒட்டினார். தனி மனிதர் தொடங்கிய வேலை அது. 1993 முதல் அங்கே 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவி ஒவ்வொன்றிலும் எழுத்து வரி காட்டும் வசதி சட்டப்படி கட்டாயமாயிற்று.

நம் வீடுகளில் காது மந்தமான பெரியவருக்கு டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம். முதுமையில் முதலில் தேய்வது உச்ச ஒலிகளைப் பிடிக்கும் திறன். ச போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். சத்தம் கூடினால் இரைச்சல்தான் கூடும், சொல் தெளியாது. அவருக்குத் தேவை எழுத்து. அதுவும் தமிழ் எழுத்து. ஆயுள் முழுக்கத் தமிழ் மட்டுமே படித்தவருக்கு ஓடிடியில் ஆங்கில வரியைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

எழுத்து ஓடினால் ரசனை கெடும் என்கிறார்கள். பிரிட்டனில் ஆஃப்காம் அமைப்பு 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, டிவி வரிகளைப் பயன்படுத்திய 75 லட்சம் பேரில் 60 லட்சம் பேருக்குக் காதில் எந்தக் குறையும் இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறைந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். இவர்கள் கேட்பது சலுகை அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42ஆம் பிரிவில், ஊடகங்களில் எழுத்து வரியும் சைகை மொழியும் கிடைக்க வழிசெய்யச் சொல்கிறது. 'பதான்' படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு வரிகள் சேர்க்கும்படி 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் திரையரங்குகளுக்கான வழிகாட்டு நெறிமுறைகளும் வந்துவிட்டன.

செலவைக் காரணம் காட்டுவதையும் ஏற்க முடியாது. டப்பிங்குக்காகவே வசனம் முழுதும் தாளில் இருக்கிறது. அதோடு கதவு தட்டும் ஓசை, திரைக்கு வெளியே அழைக்கும் குரல், பின்னணியில் மாறும் இசை ஆகியவற்றையும் எழுதிச் சேர்க்க வேண்டும். ஆங்கில வரிக்குப் பணம் கொடுக்கும் தயாரிப்பாளர், அதே படத்துக்குத் தமிழ் வரியை மறுப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.