வாயைத் திறந்தால் ஊர் தெரியும்

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் என் மாணவி ஒருத்தி ஒரு முழு இரவு நின்றிருக்கிறாள். சென்னையில் வேலைக்கான நேர்காணல் முடிந்து ஊர் திரும்ப வந்தவள். சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகிற வண்டி எந்த நடைமேடையில் நிற்கும் என்று தெரியவில்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. சுற்றிலும் டீக்கடை, நடத்துநர்கள், பூ விற்கிற பெண்கள், கைக்குழந்தையோடு குந்தியிருக்கிற குடும்பங்கள். அவள் ஒருவரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பெயர்ப்பலகையாகப் படித்துக்கொண்டு நடந்திருக்கிறாள், விடிகிறவரை.

"யாரையாவது கேட்டிருக்கலாமேடி?" என்றேன்.

"கேட்டா வாயத் தொறக்கணுமேம்மா. தொறந்தா ஊரு தெரிஞ்சிடும்."

முதுகலைத் தமிழ் படித்த பெண். தமிழ்நாட்டின் ஒரு பேருந்து நிலையத்தில், தமிழில் வழி கேட்கக் கூசி நின்றாள். இதற்கு அவளுடைய கூச்ச சுபாவத்தைக் காரணம் சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. அந்தக் கூச்சத்தை நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். எந்த நாளில் சொல்லிக்கொடுத்தோம் என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் 'ஆளுமை மேம்பாட்டு முகாம்' நடந்தது. காலை அமர்வில் பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் எழுப்பி, குடும்பத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்த இந்தப் பெண் எழுந்து, "எங்கப்பா மல்லாட்ட போட்டுருக்காரு" என்றாள். அரங்கம் சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்துக்கொண்டே, "வேர்க்கடலைன்னாவது சொல்லும்மா, இப்படிப் பேசினா யார் வேலை குடுப்பா?" என்றார். மதியம், பெண்களுக்கு மட்டும் பாதுகாப்பு விழிப்புணர்வு அமர்வு. முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதீர்கள், பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும் சிரித்து வைக்காதீர்கள், ஊர் பேர் சொல்லாதீர்கள். பையன்களுக்கு மதியம் விடுமுறை. அவர்கள் கிரிக்கெட் விளையாடப் போனார்கள்.

காலையில் ‘இப்படிப் பேசாதே’, மதியம் ‘இவர்களோடு பேசாதே’. இரண்டும் வேறு வேறு பாடம் என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

யோக்கியமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பதினைந்து ஆண்டுகளாக விடைத்தாள்களில் 'மல்லாட்டை'யைச் சிவப்பு மையால் சுழித்து 'நிலக்கடலை' என்று எழுதியவள் நான். என் அம்மா மல்லாட்டை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

விருத்தாசலம் பக்கத்துக் கொல்லைகளில் வாங்கி, அவித்துக் கூடையில் கட்டிக்கொண்டு, சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் பஸ் ஏறி, வடலூர் வழியாக நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்குவார். நிலக்கரி நிறுவனம் 1956இல் வந்தது. அதோடு எந்தெந்த ஊர்க்காரர்களோ வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார்கள். வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய அந்த நகரியத்தில், வாசலுக்கு வாசல் அம்மாவின் வாய் மாறும். மலையாளத்து வீட்டில் 'கப்பலண்டி', தெலுங்கு வீட்டில் 'பல்லி', வடக்கத்தி வீட்டில் 'மூங்பலி', நெல்லைக்காரர் வீட்டில் 'கடலை'. ஊர் திரும்பும்போது மிச்சக் கூடையில் இருப்பது மறுபடி மல்லாட்டை. முகம் தெரியாத ஆண்களிடம், பெண்களிடம் நாள் முழுக்கப் பேசினார். எங்கள் உறவில் அவருக்கு 'வாய்க்காரி' என்று பெயர். "பேசாம எப்பிடிடி விக்கிறது, கூடையா பேசும்?" என்பார்.

மல்லாட்டையே ஓர் அந்நியர்தான். தென்னமெரிக்காவில் பிறந்த பயிர், மணிலா நகரத்தின் பெயரோடு இங்கே வந்து மணிலாக்கொட்டையாகி, நம் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. மலையாளி அதைக் கப்பலில் வந்த கொட்டை என்று கூப்பிடுகிறார். முன்பின் தெரியாதவர்களோடு பேசிப் பேசி உண்டான சொல்லைச் சொன்னதற்காக ஒரு பெண்ணைக் கேலி செய்துவிட்டு, முன்பின் தெரியாதவரோடு பேசாதே என்றும் அவளுக்குச் சொல்கிறோம்!

தமிழ் இலக்கணம் இப்படிச் சிரிக்கவில்லை. தொல்காப்பியம் செய்யுளுக்கு உரிய சொற்களாக நான்கைச் சொல்கிறது: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். பன்னிரு நிலத்துத் திசைச்சொல்லுக்குக் கவிதைக்குள் இடமுண்டு. அதே தொல்காப்பியம் பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம் என்கிறது. தன் வேட்கையைத் தலைவன் முன் தலைவி சொல்வதில்லை என்கிறது. நம் வகுப்பறையில் முதல் செய்தி இரண்டு மதிப்பெண் வினா. இரண்டாவது பண்பாடு. மேடை கிடைக்கும்போதெல்லாம் அதைத்தான் ஒப்பிக்கிறோம்.

கலித்தொகையின் பாலைப் பாட்டு ஒன்றில், மகள் காதலனோடு போய்விட்டாள் என்று தேடிப் போகிற செவிலி, எதிரே வரும் முக்கோல் அந்தணர்களை நிறுத்தி விசாரிக்கிறாள். அவர்களும் நின்று பதில் சொல்கிறார்கள், அதுவும் போனவளுக்குச் சார்பாக. நடுவழியில் அந்நியர்களிடம் ஒரு பெண் பேசும் அருமையான இடம். ஆனால் பேச அனுமதி யாருக்கு? வயது கடந்தவளுக்கு. எதற்காக? ஓடிப்போனவளைக் கண்டுபிடிக்க. போனவள் வழியில் யாரிடம் என்ன பேசினாள் என்பது அந்தப் பாட்டில் இல்லை. சினிமாவுக்கு வந்தாலும் பாடம் மாறவில்லை. 1977இன் '16 வயதினிலே' மயில், வெளியூர் டாக்டரோடு பேசினாள். அதற்கான தண்டனைதான் மீதிப் படம்.

வட்டார வழக்கை நாம் கொண்டாடவில்லையா என்று கேட்பார்கள். கொண்டாடுகிறோம், அச்சில். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு அகராதி செய்தார். பெருமாள்முருகன் கொங்குக்கு. எங்கள் பகுதிக்குக் கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதி தந்தார். அவருடைய 'அஞ்சலை' நாவலை நானே பாடம் நடத்தியிருக்கிறேன். 1992இல் பாமா 'கருக்கு' எழுதித் தன் தெருவின் மொழியிலேயே தன் வாழ்க்கையைச் சொன்னார். இந்த உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. என் கோபம் வாசகர்கள் மீது, அதாவது எங்கள் மீது. அஞ்சலை பேசினால் ஆய்வேடு எழுதுகிறோம். அஞ்சலை மாதிரி பேசுகிற மாணவி முதல் பெஞ்சில் உட்கார்ந்தால் உச்சரிப்புப் பயிற்சிக்கு அனுப்புகிறோம்.

"ஆபத்து உண்மைதானே, டீச்சர்?" உண்மைதான். எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் ஆபத்து எங்கிருந்து வருகிறது? பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மாமாவிடம் எச்சரிக்கையாக இரு, பெரியப்பா மகனிடம் எச்சரிக்கையாக இரு என்று எந்தக் கல்லூரி மதிய அமர்வு வைத்திருக்கிறது?

அப்படியானால் 'அந்நியர்' என்று யாரைச் சொல்கிறார்கள்? எங்கள் மாவட்டத்தில் இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊரு?" இரண்டாவது, "எந்தப் பக்கம்?" மூன்றாவதற்குள் ஊர்த்தெருவா காலனியா என்பது தெரிந்தாக வேண்டும். கேட்க முடியாவிட்டால் பேச்சை வைத்துக் கணக்குப் போடுவார்கள். என் மாணவி பயந்ததும் இந்தக் கணக்குக்குத்தான்.

விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகியும் முருகேசனும் ஒரே ஊர்க்காரர்கள். அவள் வன்னியர், அவன் தலித். பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்களை 2003 ஜூலையில் நஞ்சூற்றிக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் தண்டனை வழங்க 2021 ஆனது. உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2025. ஒரே ஊரில், ஒரே வழக்கில் பேசி வளர்ந்தவன் அந்தப் பெண்ணுக்கு 'அந்நியன்' ஆக்கப்பட்டான். கொன்றவர்களில் அவளுடைய அப்பாவும் அண்ணனும் இருந்தார்கள். எங்கேயோ தூர தேசத்திலிருந்து சாதி பார்த்துக் கொண்டுவரும் மாப்பிள்ளையோடு, அவன் முகத்தைக்கூட முன்பு பார்த்திராத பெண், ஒரே நாளில் பேசலாம், படுக்கலாம். அவன் அந்நியன் இல்லையாம்.

ஆகவே 'தெரியாதவரோடு பேசாதே' என்பது பெண்ணின் உயிருக்குப் போட்ட காவல் என்று என்னிடம் சொல்ல வராதீர்கள். சாதிக்குப் போட்ட வேலி அது. 'இப்படிப் பேசாதே' என்பதும் அதே வேலியின் இன்னொரு மூங்கில். தன் வாய்மொழி அசிங்கம் என்று நம்பவைத்துவிட்டால், காவல்காரர்கூடத் தேவையில்லை. அவளே வாயை மூடிக்கொள்வாள்.

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அம்மாவுக்கு இப்போது வியாபாரம் இல்லை, முட்டி வலி. ஆனாலும் குறுக்கு ரோட்டில் ஏறி, காரணமில்லாமல் சிதம்பரம் வரை போய்த் திரும்புகிறார். திரும்பி வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருத்தியின் மருமகளுக்கு என்ன பிரசவம் என்பதுவரை தெரிந்திருக்கும். சாதி கேட்பாரா என்றால், கேட்பார்தான். அதற்கு நானும் அவரும் போடாத சண்டையில்லை. "கேட்டா என்னா, கேட்டுட்டு எளந்திரிச்சா போயிட்டேன்?" என்கிறார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அவரோடு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாணவிக்கு அந்த வேலை கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. இப்போது நான் இருக்கும் கல்லூரியிலும் இந்த ஆண்டு முகாம் நடத்தப்போகிறார்கள். மதிய அமர்வில் பையன்களையும் உட்காரவைக்க வேண்டும், காலை அமர்வில் யாரும் யார் பேச்சைப் பார்த்தும் சிரிக்கக் கூடாது, இல்லையென்றால் என் துறை மாணவிகளை அனுப்ப மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மல்லாட்டை என்றே எழுதினேன், மேற்கோள் குறி போடாமல். இன்னும் பதில் வரவில்லை.