அக்காவைப் பார்க்கப் போகக் காரணம் வேண்டுமா?

2021 மே 8 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசு கொடுத்துச் சீட்டு வாங்குவதில்லை. இந்தத் திட்டத்தைப் பற்றிய வாதங்களில் ஒரு வேடிக்கை உண்டு. எதிர்ப்பவர்கள், 'வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றுகிறார்கள்' என்கிறார்கள். ஆதரிப்பவர்கள் பதறிப்போய், 'அய்யோ, அப்படியெல்லாம் இல்லை. வேலைக்குப் போகிறார்கள், படிக்கப் போகிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்' என்று பட்டியலை நீட்டுகிறார்கள். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னதும், அந்தப் பணம் வீட்டுச் செலவுக்கே திரும்புவதும் மேடைதோறும் சொல்லியாகிவிட்டது. எல்லாம் சரிதான். ஆனால், பெண்கள் ஊர் சுற்றினால் அது தப்பு என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

என் வழக்கு அதோடுதான். பெண்கள் ஊர் சுற்றத்தான் செய்கிறார்கள். அக்கா வீட்டுக்குப் போகிறார்கள், கூடப் படித்தவளைத் தேடிப் போகிறார்கள், பிள்ளை பெற்றவளைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். திட்டத்தின் பெரிய வரவே இதுதான் என்பேன். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாததால் யாரும் கணக்கில் எழுதவில்லை.

மதுரை பெரியார் நிலையத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ் ஒன்றில் பகல் பதினொன்றரை மணிவாக்கில் ஏறிப் பாருங்கள். அலுவலகக் கூட்டம் வடிந்திருக்கும். முன்பக்க இருக்கைகளில் மடியில் வயர்கூடையோடு நடுத்தர வயதுப் பெண்கள். கூடைக்குள் முருங்கைக்கீரைக் கட்டு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊறுகாய், துணிப்பையில் சுற்றிய சேவுப் பொட்டலம். நடுவழியில் ஏறும் ஒருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்.

"என்ன மதினி, இந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல, அக்காவ ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னு."

"அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"என்ன சொல்லப் போறாரு, காசா பணமா?"

அந்தக் கடைசிப் பதிலுக்குள் ஒரு வீட்டின் அரசியல் முழுவதும் இருக்கிறது. முன்பு போக வர முப்பது நாற்பது ரூபாய் ஆகும். கூடப் பிள்ளை வந்தால் இன்னும் கொஞ்சம். பெரிய தொகை இல்லை. ஆனால், தன் கையில் வருமானம் இல்லாதவள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் 'எதுக்கு?' என்று ஒரு கேள்வி வரும். 'அக்காவைப் பார்க்கணும் போல இருக்கு' என்பது அந்தக் கேள்விக்கு ஏற்ற பதிலாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. 'போன மாசம்தானே கல்யாணத்துல பாத்த?' என்ற அடுத்த கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். காசு தேவையில்லை என்றானதும் கேள்விக்கும் வேலையில்லாமல் போயிற்று. எல்லா வீட்டிலும் அப்படி என்று சொல்லமாட்டேன். காசு கேட்காவிட்டாலும் காரணம் கேட்கும் வீடுகள் ஏராளம்.

காரணம் கேட்கும் வீட்டில் காரணத்தை உண்டாக்கிக்கொள்வதில் நம் பெண்கள் தேர்ந்தவர்கள். பெரிய காரணம் கோயில். கோயிலுக்கு என்றால் எந்த மாமியாரும் தடுக்க மாட்டார். ஆடி வெள்ளியில் திரளும் கூட்டத்தில் எத்தனை பேர் அம்மனைப் பார்க்க வந்தவர்கள், எத்தனை பேர் சித்தி மகளைப் பார்க்க வந்தவர்கள் என்பது அந்த அம்மனுக்கே வெளிச்சம். ஆடிப்பெருக்கன்று முக்கொம்பிலும் அம்மா மண்டபத்திலும் தூக்குவாளியைத் திறந்துவைத்துக்கொண்டு புளியோதரையோடு ஊர்க்கதையையும் பரிமாறிக்கொள்வது, காணும் பொங்கலுக்கு மெரினாவிலும் வண்டலூரிலும் குடும்பம் குடும்பமாகக் குவிவது, மகளிர் குழுக் கூட்டம், ரேஷன் கடை வரிசை என்று எல்லாமே பாதி காரியம், பாதி சாக்கு.

ஆண்களுக்கு இந்தச் சிரமம் கிடையாது. 'இந்தா வந்துர்றேன்' என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர் இரண்டு மணி நேரம் கழித்து வருவார். டீக்கடை பெஞ்சில் இருந்தார் என்பது வீட்டுக்குத் தெரியும். யாரும் விளக்கம் கேட்பதில்லை. பன்னிரண்டு, பதினைந்து ரூபாய் டீயில் ஊர், நாடு, அமெரிக்கா எல்லாம் பேசி முடிகின்றன. அதே பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து டீ குடித்தால் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். பெருநகரங்களில் மாறியிருக்கிறது, அதுவும் கல்லூரிப் பெண்கள் விஷயத்தில்.

இந்த இடத்தில் வழக்கமாகத் திண்ணையைக் கூப்பிடுவார்கள். 'அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது, வழிப்போக்கரும் உட்காரலாம்' என்று. யார் உட்காரலாம் என்பதை அந்த ஏக்கக் கட்டுரைகள் சொல்வதில்லை. இன்ன சாதிக்காரர் திண்ணையில் ஏறக் கூடாது, இன்னார் தெருவுக்குள்ளேயே வரக் கூடாது, டீக்கடையில் இவருக்குத் தனிக் குவளை என்றிருந்த ஊர்கள்தாம் அவை. வீட்டுப் பெண்கள் திண்ணைக்கு வந்ததே ஆண்கள் இல்லாத பொழுதில்தான். போன திண்ணைக்காக அழ எனக்கு ஒன்றுமில்லை. ஒரு பெண் பெயரோ சாதியோ சொல்லாமல், யாருடைய அனுமதியும் கேட்காமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகும் டவுன் பஸ் இருக்கை எந்தத் திண்ணையையும் விட மேல்.

சரி, காசுத் தடை கொஞ்சம் விலகியது. நேரம்? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள்; ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இது 289, 88 என்று ஆனது. ஐந்தாண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. அதே 2019 கணக்கெடுப்பில், பிறரோடு பழகுதல், பேசுதல், சமூக நிகழ்ச்சி, வழிபாடு எல்லாம் சேர்ந்த தலைப்பில் ஆண்களுக்கு 147 நிமிடம், பெண்களுக்கு 139. வித்தியாசம் எட்டே நிமிடம்தானே என்று தோன்றும். ஆனால், பூஜை அறையில் விளக்கேற்றுவதும் டீக்கடையில் கால்மேல் கால் போட்டுப் பேசுவதும் ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன என்பதை மறக்கக் கூடாது. எங்கே, யாரோடு என்பதை இந்தச் சராசரி சொல்லாது. மேலே சொன்ன பேருந்தில் பதினொன்றரைக்கு ஏறும் பெண்ணுக்கு, மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும் முன் வீடு திரும்ப வேண்டும். போக ஒரு மணி, வர ஒரு மணி கழித்தால் அக்காவுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதிலும் பாதி அக்கா அடுப்படியில்தான் நிற்பார்.

காசும் நேரமும் உள்ள குடும்பங்களில் மட்டும் சந்திப்பு வாழ்கிறதா என்றால், அங்கே வேறு கதை. உறவினர்களை இன்று நாம் சேர்ந்தாற்போல் பார்ப்பது கல்யாண மண்டபத்தில். காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று அழைப்பிதழ்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால், மண்டபத்தில் நடப்பதைச் சந்திப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேடை வரிசையில் நின்று, படத்துக்குச் சிரித்து, மொய் எழுதி, பந்தியில் அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கும் முன் பாயசத்தை முடித்து, தாம்பூலப் பையோடு வண்டியை எடுத்தால் ஒன்றரை மணி நேரம். 'ஒருநாள் வீட்டுக்கு வாங்க' என்று இருவரும் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஒருநாள் வராது என்பது இருவருக்கும் தெரியும். சொல்லச் சங்கடமாக இருந்தாலும் உண்மை இது: சொந்தக்காரர்கள் அவசரமில்லாமல் உட்கார்ந்து பேசும் இடமாக இன்று மிஞ்சியிருப்பது துக்க வீடுதான். பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, இறந்தவரில் தொடங்கி, யார் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பதுவரை நீளும் பேச்சு அங்குதான் கிடைக்கிறது. எடுக்கும் நேரம் வரை யாருக்கும் வேறு வேலை இல்லை.

வீட்டுக்கே போகலாம் என்றால் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வருகைப் பதிவேட்டைச் சொல்கிறேன். பெயர், செல்பேசி எண், வண்டி எண், வீட்டு எண், அப்புறம் 'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம். சித்தியைப் பார்க்க வந்தவர் அதில் என்ன எழுதுவார்? மேல் வரிசைகளைப் பார்த்தால் கூரியர், பிளம்பர், தண்ணீர் கேன், ஏசி சர்வீஸ். அதற்குக் கீழே 'பர்சனல்' என்று எழுதிவிட்டு உள்ளே போகிறோம். காவலாளியைக் குறை சொல்லி ஆகப்போவதில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் வந்தால் சங்கடப்படுவது இப்போது வீட்டுக்காரரும்தான்.

வீடு இல்லாவிட்டால் வெளியே. வெளியே என்றால் எங்கே? சென்னையில் கதீட்ரல் சாலையை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 2008 வரை அங்கே உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. ஒரு காபியைச் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தவர்களின் கதைகள் இன்றும் உலவுகின்றன. அது போன இடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா வந்தது. அதே சாலையில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. இதற்கு நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 என்று வைத்தார்கள். ஜிப்லைன், பறவையகம், கண்ணாடி மாளிகை எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சீட்டு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் வாசலைத் தாண்டவே 300 ரூபாய். பேருந்தில் இலவசமாகக் கொண்டுவந்து இறக்கிய பெண்ணிடம், இறங்கியதும் அதே அரசு நூறு ரூபாய் கேட்கிறது. சுற்றுலா இடம் வேறு, பூங்கா வேறு. வெளியூர்க்காரர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கும் இடத்துக்குக் கட்டணம் வைக்கலாம். தோழியோடு வாரம் ஒருநாள் சாயங்காலம் உட்கார வேண்டிய இடத்துக்கு வைத்தால், அவள் வரமாட்டாள்.

இதற்கு நேரெதிரான காட்சி மதுரையில் இருக்கிறது. திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல காலம் பெரும்பாலும் காய்ந்து கிடந்தது; பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் விளையாடுவார்கள். அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அவ்வளவுதான், மாலையானால் நாலு கரையும் ஜனம். கற்சுவர் நெடுக வரிசையாகக் குடும்பங்கள், பணியாரக் கடை, பருத்திப்பால் வண்டி, பலூன்காரர். சீட்டு கிடையாது, வாயிற்கதவு கிடையாது. கல்லூரிக்குப் போகும் மகளும் அவள் தோழியும் ஒரு பக்கம், இவள் அம்மாவும் அவள் அம்மாவும் இன்னொரு பக்கம் என்று அங்கே மட்டும்தான் பார்த்திருக்கிறேன். போக்குவரத்து நெரிசல் என்று அந்த வட்டாரத்துக்காரர்கள் புலம்புகிறார்கள். புலம்பலில் நியாயமும் இருக்கிறது. இருந்தாலும் சந்திப்புக்கு என்ன தேவை என்பதைத் தெப்பக்குளம் காட்டிவிட்டது. உட்கார ஒரு சுவர், பார்க்க ஏதாவது, 'எழுந்திரு' என்று சொல்ல ஆளில்லாத ஓர் இடம்.

தனிமை என்பது பணக்கார நாடுகளின் நோய் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாகவும், வருமானம் குறைந்த நாடுகளில் இந்த விகிதம் பணக்கார நாடுகளைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்றும் சொன்னது. நெருக்கியடித்து வாழ்வதும் துணையோடு வாழ்வதும் ஒன்றல்ல என்பது ஒற்றை அறை வீட்டில் நாள் முழுவதும் பேச ஆளில்லாமல் இருக்கும் நம்மூர்ப் பெண்ணுக்கு அறிக்கை இல்லாமலே தெரியும். வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் காலை வணக்கப் படம் தவறாமல் வந்துவிடுகிறது. அதற்குக் கைகூப்பும் பொம்மையை அனுப்பிவிட்டு அவள் பாத்திரம் துலக்கப் போகிறாள்.

மீண்டும் பேருந்துக்கு வருவோம். பெண்களின் இலவசப் பயணத்துக்காகக் கர்நாடகம் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில், மாநிலத்துக்குள் ஓடும் நெடுந்தூரச் சாதாரணப் பேருந்துகளும் அடக்கம். தொடங்கிய வாரங்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாக தர்மஸ்தலாவுக்குக் கிளம்பியதை வைத்து அங்கும் கேலி நடந்தது. இங்கே 2022-இல் ஓர் அமைச்சரே 'ஓசி' என்று பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். நம் திட்டம் நகரப் பேருந்தோடு நிற்கிறது. 2024-இல் மலைப்பகுதிகளுக்கு நீட்டியதோடு சரி. பக்கத்து மாவட்டத்தில் வாக்கப்பட்ட தங்கையைப் பார்க்க இன்றும் புறநகர்ப் பேருந்துக்கு முழுக் கட்டணம்தான். அதை முழுக்க இலவசமாக்கும் நிதி இல்லை என்றால் மாதம் இரண்டு பயணம் என்றாவது தொடங்கலாம். அதற்கு முன், இருக்கும் திட்டத்திலேயே சரிசெய்ய வேண்டியது ஒன்று உண்டு. கிராமத்து டவுன் பஸ்களின் நடைகள் பள்ளி நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் ஏற்ப அமைந்தவை. மத்தியானத்தில் இடைவெளி விழும், கடைசி நடை சீக்கிரமே போய்விடும். அதைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோவோ, 'வந்து கூட்டிட்டுப் போங்க' என்று வீட்டுக்கு ஒரு போனோ. அந்தப் போன் செய்யத் தயங்கித்தான் பலரும் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். இரவு எட்டரைக்கு ஒரு நடை கூட்டினால் ஆகும் செலவு டீசலும், ஓட்டுநர், நடத்துநர் இருவரின் கூடுதல் படியும்தான். எந்தெந்தத் தடத்தில் கூட்டலாம் என்பதைப் பணிமனை மேலாளர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.