அணையாடையும் அடைமழையும்



செம்பூரில் குடியிருக்கும் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதில் ஒரு பாதி துணி உலராத கவலை. மறு பாதி குழந்தையின் தொடை இடுக்கிலும் பிட்டத்திலும் கண்ட புண்ணைப் பற்றிய கவலை. ஐந்து மாதக் குழந்தை, முதற் பேறு. தாயார் ஊருக்குத் திரும்பிவிட்டார். மாமியார் கோவில்பட்டியிலிருந்து தொலைபேசியில் மஞ்சள் அரைத்துப் போடச் சொல்கிறார். எதிர்வீட்டு வங்காளப் பெண்மணி கடுகெண்ணெய் என்கிறார். மூன்றாமவர் ஒருவர் பவுடரைக் கொட்டச் சொல்லியிருக்கிறார். “எல்லோர் சொல்லையும் கேட்டேன், புண் ஆறவில்லை, இரவில் குழந்தை அழும்போது நானும் சேர்ந்து அழுகிறேன்” என்று முடித்திருக்கிறார். இந்த வரியைப் படித்தபின் வேறு பொருள் பற்றி எழுத மனம் வரவில்லை.

குழந்தைக்கு இடுப்பில் கட்டும் துணிக்கு அணையாடை என்று அழகிய தமிழ்ப் பெயர் உண்டு. வீட்டில் நாம் அதனை மூத்திரத் துணி என்றே சொல்லிவிடுகிறோம், அதில் குற்றமொன்றுமில்லை. அத்துணி படும் இடத்தில் தோல் சிவந்து கன்றுவதை நம் பாட்டிமார் செவ்வாப்பு என்று சொல்லி, உள்ளுக்கு மருந்து புகட்டுவார்கள். வெளித்தோலில் உண்டான கேட்டிற்குப் பச்சைக் குழந்தையின் வயிற்றில் மருந்து செலுத்துவானேன்? அந்த வழக்கத்தை மட்டும் அன்புடன் மறுத்துவிடுங்கள்.

நோயின் காரணத்தை அறிந்தால் சிகிச்சையில் பாதி முடிந்தது. 1921-ஆம் ஆண்டிலே குக் என்ற அமெரிக்க மருத்துவர், மலத்திலுள்ள கிருமிகள் சிறுநீரிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்குவதே இப்புண்ணுக்குக் காரணம் என்று எழுதினார். விடியற்காலையில் துணியை அவிழ்க்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி அந்த அம்மோனியாவினுடையதே. ஆயினும் 1970-களிலும் 1980-களிலும் நடந்த ஆராய்ச்சிகள் இன்னும் நுட்பமான உண்மையைக் காட்டின. பழுதில்லாத தோலை அம்மோனியா தானாகச் சுடுவதில்லை. அது தோலின் இயல்பான அமிலத் தன்மையைக் கெடுத்துக் காரத் தன்மையாக்கிவிடுகிறது. அந்நிலையில் மலத்தில் எஞ்சியிருக்கும் செரிமான நீர்கள், அதாவது புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் பொருள்கள், வீறு கொண்டு குழந்தையின் தோலையே கரைக்க முற்படுகின்றன. ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆகிவிட்ட தோல். அதன்மேல் துணியின் உராய்வு. இவ்வளவும் ஒன்று சேர்ந்தால் புண்ணாகாமல் என்ன செய்யும்?

ஆகவே, சிறுநீர் தனியே இருந்தாலும் மலம் தனியே இருந்தாலும் விளையாத தீங்கு இரண்டும் கலந்து நெடுநேரம் தங்கினால் விளைகிறது. மலம் கழித்தால் அக்கணமே மாற்றுக. சிறுநீர் கழித்தால் தெரிந்தவுடன் மாற்றுக. தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். சிறுநீர் மட்டுமானால், தோலும் நன்றாக இருந்தால், எழுப்ப வேண்டாம். புண் இருக்கும் காலத்தில் இரவில் ஒரு முறையாவது எழுந்து மாற்றத்தான் வேண்டும். தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தையின் மலம் தோலை அவ்வளவாக உறுத்துவதில்லை. பிற உணவு தொடங்கியபின், ஒன்பது மாதம் முதல் ஒரு வயது வரையில், இத்தொல்லை மிகுதியாகக் காண்கிறது. வயிற்றுப்போக்கு வந்தாலோ சொல்ல வேண்டுவதில்லை.

இனித் துணியைப் பற்றி. பழைய வேட்டியைக் கிழித்து உபயோகிப்பது போன்ற சிறந்த முறை வேறில்லை. நூறு முறை துவைத்து நைந்த பருத்தி; பிறந்த குழந்தைக்கு அதைவிட மெத்தென்ற துணி எங்கே கிடைக்கும்? ஆனால் கால்சராயும் பனியனுமாக வாழும் இக்காலத்து நகரக் குடும்பங்களில் பழைய வேட்டிக்கு எங்கே போவது! என் அண்டை வீட்டார் புதிய மல் துணி வாங்கினார்கள். அதுவும் நல்லதே, ஆனால் புதுத் துணியின் பசை போகும்வரை நாலைந்து முறை துவைத்தபின்பே கட்டுதல் வேண்டும். மூன்று டஜன் துணியாவது இருந்தால் மழைக்காலத்தைச் சமாளிக்கலாம்.

இவ்விடத்தில் ஓர் அபாயத்தைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனமில்லை. ஊரிலிருந்து வரும் பெரிய பெட்டியில், பாட்டியின் பழஞ்சேலையும் தாத்தாவின் வேட்டியும் பாச்சை உருண்டையோடு மடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த நாப்தலீன் ஆவி துணியில் ஊறியிருக்கும். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி என்னும் நொதிப்பொருள் குறைவாக இருக்கும்; பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அத்தகைய குழந்தையைப் பாச்சை உருண்டை வாடையுள்ள துணியில் சுற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, மஞ்சட்காமாலை கடுமையாகி, மூளைக்கே கேடு விளையக்கூடும். ஆதலால் குழந்தைத் துணி வைக்கும் பெட்டியில் அந்த உருண்டை வேண்டவே வேண்டாம். வாடை ஏறிய துணியைத் துவைத்து வெயிலில் உலர்த்திப் பாருங்கள். இன்னும் வாடை வீசினால் அது தரை துடைக்கட்டும், குழந்தைக்கு வேண்டாம்.

துவைக்கும் முறையில் நாம் செய்யும் பெரும் பிழை, சோப்பை மிகுதியாகப் போட்டு அலசுவதைக் குறைப்பதே. தண்ணீர் நேரக் கட்டுப்பாடு உள்ள வீட்டில் இது இயல்பாக நேர்வதுதான், குறை கூறவில்லை. முதலில் மலத்தைக் கழிப்பிடத்தில் தட்டிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுக. எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் கறை ஊன்றிவிடும். பின்பு வெந்நீரில், அளவான சோப்பில் துவைத்து, நுரை அறவே போகும்வரை மூன்று தண்ணீரிலாவது அலசுக. சோப்பு எஞ்சியிருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு: உலர்ந்த துணியொன்றைத் தெளிந்த நீரில் போட்டுக் கசக்குங்கள், நுரை கண்டால் அந்த நுரைதான் குழந்தையின் தோலிலும் தங்குகிறது. கஞ்சி, நீலம், துணிக்கு மணமூட்டும் நீர், கிருமிநாசினி ஆகிய எதுவும் வேண்டாம். மும்பையில் நமக்குக் கிடைப்பது ஏரித் தண்ணீர். சோப்பு எளிதில் போய்விடும். பெங்களூரிலும் தில்லியிலும் ஆழ்குழாய்க் கிணற்று நீரை நம்பியிருக்கும் சகோதரிகளுக்கு அந்தப் பாக்கியமில்லை. அந்த உப்பு நீரில் சோப்பு திரிந்து துணியில் படிந்து, உலர்ந்தபின் அப்பளம் போல் விறைத்து நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் கட்டிச் சோப்பைவிடச் சலவைத்தூளே மேல். ஆனால் அலசலை ஒரு முறை கூட்டிக்கொள்ள வேண்டும். அழுக்குத் துணியை வாளி நீரில் நாள் முழுதும் ஊறவிடாதீர்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் நீர் நிறைந்த வாளியே ஓர் ஆபத்து.

வெயிலைப் போன்ற சலவைக்காரன் இல்லை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் அவன் விடுமுறையில் போய்விடுகிறானே! பாதி உலர்ந்த துணியைக் கட்டுவதும் நனைந்த துணியைக் கட்டுவதும் தோலுக்கு ஒன்றுதான். மின்விசிறியின் கீழே கயிறு கட்டி, துணிகளை நெருக்காமல் இடைவெளி விட்டுப் போடுங்கள். கடைசியில் சூடான இஸ்திரிப் பெட்டியால் இரு பக்கமும் தேய்த்துவிட்டால் ஈரமும் போகும், பூஞ்சையும் பெரும்பாலும் மடியும். சாம்பிராணிப் புகையில் கூடை கவிழ்த்து உலர்த்துவது ஊரில் வழக்கம். ஒற்றை அறைக் குடித்தனத்தில் அந்தப் புகை முழுவதையும் குழந்தையே சுவாசிக்கும். எரிவாயு அடுப்பின்மேல் துணியைக் காயப் போடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதைப் பற்றி எழுதவும் கை நடுங்குகிறது.

துணியின்மேல் கட்டும் பிளாஸ்டிக் சட்டை வெளியூர்ப் பயணத்திற்கு மட்டும். ரயிலில் மாமா மடியில் கொடுக்கும்போது அது மாமாவின் வேட்டிக்குக் காவல், குழந்தைக்குக் காவலன்று.

புண் வந்துவிட்டது, இனி என்ன செய்வது? வெதுவெதுப்பான நீரால் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். வாசனைச் சோப்பும் நறுமணம் கலந்த ஈரத்தாளும் எரிச்சலைக் கூட்டும். நாளில் பலமுறை, கால் மணி அரை மணி நேரம், துணியே இல்லாமல் காற்றாட விடுங்கள். கீழே பழந்துணி இரண்டு விரித்தால் போதும். பிறகு ஜிங்க் ஆக்ஸைடு கலந்த களிம்பையோ, வெறும் பெட்ரோலியம் ஜெல்லியையோ சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது போல் தடிப்பாகப் பூசுங்கள். அது மருந்து என்பதைவிட மதில் என்பதே பொருந்தும். அடுத்த முறை மாற்றும்போது மதிலை முழுதும் இடித்துச் சுரண்ட வேண்டாம். மேலே பட்ட அழுக்கை மட்டும் துடைத்து மறுபடி பூசினால் போதும். களிம்பின் பிசுக்குத் துணியில் ஏறினால் துணி ஈரத்தை உறிஞ்சாது. ஆகவே உட்புறம் ஒரு சிறு துண்டு மல் துணியை வைத்து, அதைத் தனியே வெந்நீரில் துவைத்துக்கொள்ளுங்கள். தேங்காயெண்ணெய் தோல் நன்றாக இருக்கும்போது தடவத் தக்கது. கடுகெண்ணெய் தோலை உறுத்தும். எதிர்வீட்டு அம்மையாரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள். மஞ்சளும் புண்ணில் வேண்டாம். பவுடரோ குழந்தையின் மூச்சுக்குழலில் புகுந்து தீங்கு செய்யும். போரிக் பவுடர் என்ற ஒன்று முன்னாளில் வீடுதோறும் இருந்தது. புண்பட்ட தோலின் வழியே அது உடலினுள் சென்று குழந்தைகள் இறந்த செய்திகள் வந்தபின் மருத்துவ உலகம் அதனைக் கைவிட்டது. பழைய டப்பா எங்கேனும் கிடந்தால் எறிந்துவிடுங்கள்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஆடி மாதம் என் பேத்திக்கு இதே புண் கண்டது. “அத்தை, மூத்திரம் பட்டவுடனே வீறிட்டு அழுகிறாளே, டாக்டரிடம் போகலாமா?” என்று மருமகள் கேட்டாள். “நாலு பிள்ளை வளர்த்தவள் நான், இதற்கெல்லாம் டாக்டரா?” என்று சொல்லிவிட்டு, தெருமுனை மருந்துக் கடையில் கேட்டு ஒரு குழாய் மருந்து வாங்கி வந்தேன். இரண்டே நாளில் சிவப்பு மறைந்தது. எனக்குப் பெருமை தாளவில்லை! நிறுத்திய மூன்றாம் நாள் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. மறுபடி பூசினேன். இப்படி மூன்று வாரம். கடைசியில் மருமகள் என்னைக் கேளாமலே குழந்தையை மருத்துவரிடம் எடுத்துச் சென்றாள். அவர் குழாயின்மேல் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார்: கடுமையான ஸ்டீராய்டு ஒன்று, பூஞ்சை மருந்து ஒன்று, கிருமி மருந்து ஒன்று, மூன்றும் கலந்தது. ஸ்டீராய்டு சிவப்பை மறைக்குமே அன்றி நோயைத் தீர்க்காது. மெல்லிய குழந்தைத் தோலில், அதுவும் கட்டிய துணிக்குள்ளே, அது மிகுதியாக உட்சென்று தோலை மெலிவிக்கும். பேத்திக்கு உண்மையில் இருந்தது காண்டிடா என்னும் பூஞ்சை. வீடு திரும்பிய மருமகள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வேறுபாட்டை நீங்களே ஓரளவு கண்டுகொள்ளலாம். சாதாரணக் கன்றல் துணி உராயும் மேட்டுப் பகுதிகளில் இருக்கும்; மடிப்பின் ஆழத்தைப் பெரும்பாலும் தொடாது. பூஞ்சைப் புண்ணோ மடிப்பினுள்ளேயே குடிகொண்டு, இரத்தச் சிவப்பாய், விளிம்பில் சிறுசிறு செம்புள்ளிகள் சிதறினாற்போல் இருக்கும். வாயினுள் துடைத்தால் போகாத வெண்மை படிந்திருந்தாலும், அண்மையில் குழந்தை ஆன்டிபயாடிக் மருந்து உட்கொண்டிருந்தாலும் ஐயம் வலுக்கும். அதற்கு குளோட்ரிமசோல், நிஸ்டாட்டின் போன்ற தனிப் பூஞ்சை மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை பூசி, அதன்மேல் ஜிங்க் களிம்பை இடுவார்கள். பேத்திக்குப் பத்து நாளில் ஆறியது.

கொப்புளம், சீழ், இரத்தக் கசிவு, காய்ச்சல் இவற்றில் ஒன்று கண்டாலும், குழந்தை ஒரு மாதத்திற்கு உட்பட்டதானாலும் அன்றே மருத்துவரிடம் செல்க. மற்றபடி இரண்டு மூன்று நாள் மேற்சொன்னவாறு பார்த்தும் குறையாவிட்டால் காத்திருக்க வேண்டாம். செம்பூர்ச் சகோதரி எழுதியதைப் பார்த்தால் புண் மடிப்பினுள் இருப்பதாகத் தெரிகிறது. இக்கடிதம் அச்சேறும்வரை காத்திராமல் அவருக்குத் தனியே மடல் எழுதி, குழந்தையை மருத்துவரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். குழந்தைக் காப்பகத்தில் துணி மாற்ற மறுக்கிறார்களே என்று அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு அடுத்த இதழில் விடை எழுதுவேன்.