எல்லோருக்கும் ஒரே சாவியா?

மாமல்லபுரத்துக்கு வரும் வெளிநாட்டார் கடற்கரைக் கோயிலைப் பார்ப்பதற்கு முன்னால் லாட்ஜின் வரவேற்பு மேஜையைப் பார்த்தாக வேண்டும். அங்கே பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். விசாவைக் காட்ட வேண்டும். வெளிநாட்டார் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணைய வழியாக அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நம்மவர்களிடம் ஆதார் அட்டை போன்ற ஓர் அடையாளச் சீட்டை வாங்குகிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஊரின் பாதுகாப்புக்கு அவசியமான ஏற்பாடுதான்.

வாங்கிய பிரதி பிறகு எங்கே போகிறது? அதுதான் கேள்வி.

சிறிய லாட்ஜ் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேஜையில் இருக்கும் பையன் தன் சொந்த செல்போனில் பாஸ்போர்ட்டைப் படம் எடுக்கிறான். அதை லாட்ஜின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். அந்தக் குழுவில் முதலாளி இருக்கிறார், மானேஜர் இருக்கிறார், இரவுக் காவல்காரர், டாக்சி ஓட்டுபவர், அறை பெருக்குபவர் எல்லோரும் இருக்கிறார்கள். போன வருஷமே வேலையை விட்டுப் போனவரும் இருக்கிறார்! மானேஜர் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு பாஸ்வேர்டு. புதிதாக வந்தவர், "தம்பி, பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டால், "பழசுதாண்ணே, டிவி மாதிரி இருக்குல்ல, அது ஓரத்திலே ஒட்டியிருக்கு பாருங்க" என்று பதில் வருகிறது.

லாட்ஜை மட்டும் குறை சொல்ல வேண்டாம். செங்கல்பட்டில் ஒரு டாக்டரின் கிளினிக்கிலும், ஒரு ஆடிட்டர் ஆபீசிலும், ஒரு டியூஷன் சென்டரிலும் இதே கதை நடக்கக்கூடும். நோயாளியின் ரத்தப் பரிசோதனை, கடைக்காரரின் வரிக் கணக்கு, பிள்ளைகளின் மார்க்கு, பெற்றோரின் டெலிபோன் நம்பர் எல்லாம் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. பெட்டிக்கு ஒரே சாவி. சாவி எல்லோர் கையிலும்! சிறுசேரியிலும் மகேந்திரா சிட்டியிலும் உள்ள பெரிய கம்பெனிகளுக்கு இதைக் கவனிக்கவே தனி இலாகா இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் யார் கவனிப்பது?

ஒரு நாள் ஏதோ கெட்டுப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். விருந்தாளியின் பாஸ்போர்ட் பிரதி வேறு யார் கைக்கோ போய்விட்டது. அல்லது கணக்கில் ஒரு தொகை மாறியிருக்கிறது. யார் செய்தது? கம்ப்யூட்டரைக் கேட்டால் அது ஒரே பெயரைத்தான் சொல்லும். எல்லோரும் அந்த ஒரே பெயரில்தானே உள்ளே போகிறார்கள்! பழி யார் தலையில் விழும்? முதலாளி தலையில் விழாது. மானேஜர் தலையிலும் விழாது. சம்பளம் குறைவான, கடைசியாக வந்து சேர்ந்த பையன் தலையில்தான் விழும். "நான் செய்யவில்லை" என்று சொல்ல அவனுக்கு வாய் உண்டு. நிரூபிக்க என்ன உண்டு?

ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று சொன்னால், "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று சிப்பந்திகள் வருத்தப்படுவதுண்டு. என் அபிப்பிராயம் நேர்மாறானது. தனிச் சாவி முதலாளிக்குக் காப்பு. அதைவிட அதிகமாகச் சிப்பந்திக்குக் காப்பு. யார், எந்த நேரத்தில், எந்தக் கோப்பைத் திறந்தார் என்ற குறிப்பு இருந்தால், குற்றமற்றவன் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

இது புதிய யோசனையும் அல்ல. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்து, இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. 919-லும் 921-லும் பொறித்தவை. குடவோலைத் தேர்தலுக்காக அவற்றை எல்லோரும் புகழ்கிறோம். பெண்களுக்கும் நிலமில்லாதவர்களுக்கும் அந்தச் சபையில் இடம் இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் அங்கே கணக்கர்களுக்கு வைத்த விதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. கணக்கு எழுதியவர் தம் கணக்கைத் தாமே கொண்டுவந்து காட்ட வேண்டும். அவருடைய கணக்கை முடிக்க வேறொரு கணக்கரை அமர்த்தக் கூடாது. காட்டி, நேர்மையானவர் என்று பெயர் வாங்கிய பிறகுதான் மறுபடி அந்த வேலை கிடைக்கும். ஒருவர் எழுத்தில் இன்னொருவர் கை கலக்கக் கூடாது என்பதை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்!

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டி ஒருவரிடமே கொடுத்துவிடலாமா? அதுவும் ஆபத்துதான். கிராமத்தில் கர்ணம் இருந்த நாட்களை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிலக் கணக்கு அவர் கையில். பல ஊர்களில் அவர் வீட்டிலேயே. அவர் முகம் கொடுத்தால் விவரம் தெரியும். கொடுக்காவிட்டால் நடையாய் நடக்க வேண்டும். 1980-இல் எம்.ஜி.ஆர். அரசாங்கம் அந்தப் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள்.

இன்று பட்டா, சிட்டா விவரத்தை அரசின் இணையதளத்தில் சர்வே நம்பர் கொடுத்து யாரும் பார்க்கலாம். மாமல்லபுரத்தில் இருந்தாலும் பார்க்கலாம். மலேசியாவில் இருந்தாலும் பார்க்கலாம். ஆனால் பார்ப்பவர் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. மாற்றம் வேண்டுமென்றால் மனு போட்டு, அதற்கென்று உள்ள அதிகாரி உத்தரவு போட வேண்டும். பார்க்கும் உரிமை வேறு. திருத்தும் உரிமை வேறு. அனுமதி என்ற விஷயத்தின் சூட்சுமம் இவ்வளவுதான்.

மூன்றாவதாக ஓர் உரிமை உண்டு. அதுதான் அதிகம் தொல்லை கொடுப்பது. பிறருக்குக் கொடுக்கும் உரிமை. கூகுள் டிரைவ் போன்ற இடங்களில் கோப்பை வைத்து, "இணைப்பு வைத்திருக்கும் எவரும்" என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டால், அந்த முகவரி எந்தக் கைக்குப் போனாலும் கதவு திறக்கும். அவசரத்தில் நம்மவர்கள் தட்டுவது அதைத்தான். அதற்குப் பக்கத்திலேயே, பெயர் குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் என்ற வழியும் இருக்கிறது. இவர் பார்க்கலாம், இவர் திருத்தலாம் என்று பிரித்துக் கொடுக்கலாம். நாளைக்கு வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் போன படத்தை அப்படி எடுக்க முடியாது. நீங்கள் அழித்தாலும், அதற்குள் சேமித்து வைத்தவர் போனில் அது இருந்துகொண்டே இருக்கும்.

பின் ஏன் ஜனங்கள் வாட்ஸ்அப்பையே நாடுகிறார்கள்? சுலபமாக இருக்கிறது, அதனால்தான். இதற்கு ஊழியரைத் திட்டிப் பயன் இல்லை. அமெரிக்காவில் சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இரண்டு அறிஞர்கள் கம்ப்யூட்டர் காவலைப் பற்றி 1975-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் வேலைக்கு வேண்டிய அளவு உரிமை மட்டும் கொடுங்கள் என்றார்கள். கூடவே, காவல் முறை மனிதர்கள் யோசிக்காமல் சரியாகப் பயன்படுத்தும்படி எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். முதல் பாதியைப் பெரிய கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. இரண்டாம் பாதியைப் பலர் விட்டுவிட்டார்கள். மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று, அதில் நட்சத்திரம் போடு, கொக்கி போடு என்றால் மனிதன் என்ன செய்வான்? டைரியில் எழுதி மேஜை மேல் வைப்பான்! கசிந்தது என்று தெரிந்தாலொழியச் சும்மா சும்மா மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமே 2017-இல் சொல்லிவிட்டது.

சட்டமும் சும்மா இல்லை. ஏமாற்றும் எண்ணத்துடன் அடுத்தவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களைத் தக்கபடி காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. பத்து அறை லாட்ஜுக்கு 250 கோடி கேட்க மாட்டார்கள்தான். அதற்காக அலட்சியமாக இருக்கலாமா?

லாட்ஜ் முதலாளிக்கு என் யோசனை இது. பையனுடைய சொந்த போனில் படம் எடுக்க வேண்டாம். லாட்ஜ் செலவில் ஒரு போனை மேஜையில் வையுங்கள். படம் நேராக ஒரே கோப்பறைக்குப் போகட்டும். மேஜையில் இருப்பவர் படத்தைச் சேர்க்கட்டும். மானேஜர் அரசுக்கு அனுப்பட்டும். நீங்கள் எல்லாவற்றையும் பாருங்கள். அறை பெருக்கும் அம்மாவுக்கு எந்த அறை காலி என்று தெரிந்தால் போதும். பாஸ்போர்ட் நம்பர் அவருக்கு எதற்கு? முதல் 8 எண்களை மறைத்துக் கடைசி 4 எண்களை மட்டும் காட்டும் ஆதார் பிரதியை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுக்கலாம். விருந்தாளி அதைக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போகிறவரிடம் கணக்கைத் தீர்த்துச் சம்பளம் கொடுக்கும் அன்றைக்கே அவருடைய அனுமதியையும் நீக்கிவிடுங்கள்.

இதற்கெல்லாம் புதுக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால், கூட்டம் இல்லாத ஒரு மத்தியான நேரம் போதும். முதலில் அந்த ஒட்டிய காகிதத்தைக் கிழித்து எறியுங்கள்.